பலனை எதிர்பார்க்காதே என்பது யாருக்கு?

மேலாண்மை வகுப்புகளில் இப்போது கீதைக்குத் தனி நாற்காலி போட்டிருக்கிறார்கள். தலைமைப் பண்பு, மன அழுத்தம், வாழ்க்கையின் நோக்கம் என எதைக் கேட்டாலும் குருக்ஷேத்திரத்திலிருந்து பதில் வருகிறது. அர்ஜுனன் குழம்பிப்போன இளம் மேலாளராம். கிருஷ்ணன் அனுபவம் மிக்க ஆலோசகராம். இளநிலை, முதுநிலை மாணவர்கள் தங்கள் மொத்த கிரெடிட்டில் 5 விழுக்காட்டையாவது 'இந்திய அறிவு மரபு' பாடங்களில் பெற ஊக்குவிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் வழிகாட்டுதலும் வெளியிட்டுவிட்டது. அந்த மரபில் பலவும் அடங்கும் என்கிறார்கள். ஆனால், மேடைக்கு முதலில் வருவது கீதைதான்.

இத்தகைய பயிலரங்குகளில் ஆய்வு மாணவனாக நானும் உட்கார்ந்திருக்கிறேன். கடமையைச் செய், பலனில் கண் வைக்காதே என்பதே அங்கு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கேட்டுக்கொண்டிருந்த எங்களில் பலருக்கு மாதக்கணக்கில் உதவித்தொகை வரவில்லை. பேச வந்தவருக்கு மதிப்பூதியம் உண்டு. பலனைத் துறக்கும்படி உபதேசம் எப்போதும் மேலிருந்து கீழேதான் வருகிறது.

'உன் நோக்கத்தைக் கண்டுபிடி' என்று இவர்கள் பெயர்த்துச் சொல்வது சுவதர்மத்தை. நோக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் தேடவும் தேர்ந்தெடுக்கவும் உரிமை வேண்டும். கீதையில் அது எங்கே இருக்கிறது? நான்கு வருணங்களையும் தானே படைத்ததாக நான்காம் அத்தியாயத்தில் கிருஷ்ணன் சொல்கிறான். பிறர் தர்மத்தை நன்றாகச் செய்வதைவிடத் தன் தர்மத்தைக் குறையோடு செய்வதே மேல், அதில் சாவதும் மேல் என்கிறது மூன்றாம் அத்தியாயம். எந்த வருணத்துக்கு என்ன வேலை என்ற பட்டியல் பதினெட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. சூத்திரனுக்கு அதில் ஒரே வேலை: ஊழியம்.

'பிறப்பால் அல்ல, குணத்தால்' என்று உடனே பதில் வரும். அதே பதினெட்டாம் அத்தியாயத்தின் 48ஆம் சுலோகத்தைப் பாருங்கள். 'சகஜம்' என்ற சொல் அங்கே வருகிறது. கூடவே பிறந்தது என்று பொருள். கூடப்பிறந்த வேலை குற்றமுள்ளதானாலும் அதை விடக்கூடாது என்பதே அங்குள்ள கட்டளை. 'கிருஷ்ணரும் அவரது கீதையும்' என்ற கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் தோலுரித்தார்: சதுர்வருணத்துக்குத் தத்துவக் காவல் போடும் நூல் கீதை.

இது பழங்கதை அன்று. குஜராத் முதல்வராக இருந்தபோது மோடி ஆற்றிய உரைகள் 2007இல் 'கர்மயோக்' என்ற நூலாயின. வால்மீகி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் துப்புரவு வேலைக்கு அதில் ஆன்மிக விளக்கம் இருந்தது. 2020இல் ஒன்றிய அரசு ஊழியர் பயிற்சித் திட்டத்துக்கு 'மிஷன் கர்மயோகி' என்று பெயர் வைத்தார்கள். 1993இலும் 2013இலும் சட்டம் போட்ட பிறகும் மலக்குழிச் சாவுகள் நிற்கவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தக் குழிக்குள் இறங்குகிறவருக்கு எந்தக் கர்மயோகத்தைக் கற்பிப்பீர்கள்?

தலைமையைக் கற்பிக்கும் இடங்களின் லட்சணம் என்ன? ஒன்றியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களில் இடஒதுக்கீட்டை உறுதிசெய்யும் சட்டம் 2019இல் வந்தது. அதிலிருந்து விலக்குக் கேட்டு ஒன்றிய அமைச்சகத்தை அணுகியவை இந்திய மேலாண்மை நிறுவனங்கள். தலைமைப் பண்பை எல்லோருக்கும் போதிப்பார்களாம். தலைமை இருக்கையை மட்டும் பங்கிட மாட்டார்களாம்.

நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். மன உறுதியும் தெளிவும் வேண்டும்தான். அதற்கு வருணத்தைப் படைத்தவனிடம் ஏன் போக வேண்டும்? 1927 மார்ச்சில் மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தவர்களிடம் இல்லாத தலைமையா? 'கூடப்பிறந்த வேலை'யை உதறிவிட்டு நிமிர்ந்த மக்கள் அவர்கள். பலனை எதிர்பார்த்துத்தான் போனார்கள். தண்ணீர்தான் பலன்.

கீதையைப் பாடமாக்குவதென்றால் முழுதாக ஆக்குங்கள். அந்த மூன்று அத்தியாயங்களையும் வையுங்கள், பக்கத்தில் அம்பேத்கரின் கட்டுரையையும் வையுங்கள். மாணவர்கள் இரண்டையும் படித்து முடிவெடுக்கட்டும். கூடவே ஆய்வாளர்களின் உதவித்தொகையை மாதந்தோறும் கொடுங்கள். உழைப்பவர் பலனைக் கேட்பது பேராசை ஆகாது. அது உரிமை.