நான்காவது கதிரை

பிரிட்ஜ் ஆடும் கூட்டாளிகள் இருவர் தமக்குள் எத்தனை ஏல உடன்பாடுகளை வைத்துக்கொள்ளலாம்? கண்டியில் எங்கள் ஞாயிறு மாலை மேசையில் அண்மைக்காலமாக அடிக்கடி எழும் விவாதம் இது. இணையத்தில் பயின்றுவரும் இளையவர்கள் இருபது, முப்பது உடன்பாடுகள் கொண்ட பட்டியலோடு வந்து அமர்கிறார்கள். நால்வரைச் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்ட இந்நகரில், ஐந்துக்கு மேல் வேண்டாம் என்பதே எனது நிலைப்பாடு.

ஆட்டம் அறியாதோருக்காகச் சிறு விளக்கம். நம்மவர்க்குப் பழக்கமான 304 போலவே பிரிட்ஜிலும் எதிரெதிரே அமர்வோர் கூட்டாளிகள். முதலில் ஏலம், பின்னரே ஆட்டம். பதின்மூன்று சுற்றுகளில் எத்தனையை வெல்வோம், எது துரும்பு என்பதையே ஏலத்தில் கூறுகிறோம். அதற்கு அனுமதிக்கப்பட்ட சொற்கள் 15 மட்டுமே: ஒன்று முதல் ஏழு வரையிலான எண்கள், நான்கு இனங்கள், நோ டிரம்ப், பாஸ், டபுள், ரீடபுள். இச்சிறு சொற்களஞ்சியத்தால் பதின்மூன்று கடதாசிகளை வர்ணிப்பது கடினம். ஆகவே, ஒரு கேள்விக்கு அதன் நேர்ப்பொருளை நீக்கி வேறொரு பொருளை ஏற்றிக்கொள்கிறார்கள். இதுவே 'கன்வென்ஷன்' எனப்படும் உடன்பாடு.

ஆனால் ஒவ்வோர் உடன்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. ஸ்டேமனை எடுத்துக்கொள்வோம். கூட்டாளி 'ஒரு நோ டிரம்ப்' என்று தொடங்க, நாம் 'இரண்டு கிளப்' என்றால், 'உம்மிடம் ஹார்ட்டிலோ ஸ்பேட்டிலோ நான்கு கடதாசிகள் உண்டா?' என்று வினவுவதாகப் பொருள். ஜோர்ஜ் ரப்பே உருவாக்கிய இம்முறை, 1945இல் அதுபற்றிக் கட்டுரை எழுதிய அவருடைய கூட்டாளி சாமுவேல் ஸ்டேமனின் பெயரால் நிலைத்துவிட்டது. இதை ஏற்றபின் உண்மையிலேயே இரண்டு கிளப் ஆட விரும்பினாலும் அவ்வாறு கூற இயலாது. இழப்பு சிறிது, பயனோ ஒரே மாலையில் பலமுறை கிட்டுவது.

பிளாக்வுட்டின் விலை சற்று அதிகம். 'நான்கு நோ டிரம்ப்' என்று ஏஸ்களின் எண்ணிக்கையைக் கேட்டால், ஒரே ஏஸ் உள்ளவர் 'ஐந்து டயமண்ட்' என்பார். கிளப்பே துரும்பாகி, உம்மிடமும் ஒரே ஏஸ் இருந்தால், ஐந்து கிளப்பில் நின்றுகொள்ளும் வழி அடைபட்டுவிடும். விடை எல்லையைத் தாண்டிவிடும் கேள்வியைக் கேளாதிருக்கும் பக்குவமும் இவ்வுடன்பாட்டின் பகுதியே.

இவ்விரண்டோடு ஜேக்கபி டிரான்ஸ்ஃபர், மிகப் பலமான கையைக் காட்டும் இரண்டு கிளப் தொடக்கம், கூட்டாளியின் இனத்தைக் கேட்கும் டபுள் ஆகிய மூன்றும் போதும். ஏனையவற்றுட் பல, மாதமொருமுறை தலைகாட்டுவன. அவை வரும் வேளையில் இருவரில் ஒருவர் மறந்திருப்பார். ஒருவர் நினைத்து மற்றவர் மறந்த உடன்பாடு, உடன்பாடே இல்லாததினும் கேடு. அதனால் தோற்பது அந்த ஆட்டம் மட்டுமன்று. அடுத்த வாரம் அவ்விருவரும் ஒரே பக்கத்தில் அமரத் தயங்குகிறார்கள்.

சிக்கலான முறைகளால் வென்றவர்கள் இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. 1969இல் தாய்வான் அணி, சி. சி. வெய் வகுத்த பிரிசிஷன் முறையைக் கையாண்டு, பெர்முடா கிண்ண இறுதியாட்டம் வரை சென்று உலகை வியக்கவைத்தது. அது சேர்ந்து பயின்ற அணி. வாரந்தோறும் கூட்டாளியை மாற்றிக்கொள்ளும் எங்களுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. 304இல் கண்சாடை காட்டுவது எப்படிக் களவோ, அப்படியே பிரிட்ஜில் மறைத்துவைத்த உடன்பாடும் களவு. எதிரணியினர் கேட்டால் பொருளை விளக்கியாக வேண்டும் என்பது விதி. எனவே ஓர் உடன்பாட்டின் சுமை இருவர் மீதன்று, நால்வர் மீதும் விழுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 'இதற்கு என்ன பொருள்?' என்று வினவ நேர்ந்த புதியவர், மூன்றாம் வாரம் வரமாட்டார்.

தோட்டத் துரைமாரின் கிளப்புகளில் ஆடப்பட்ட இவ்வாட்டம், இன்று எங்கள் மேசையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் சேர்ந்து ஆடும் ஆட்டம். மொழியால் இத்தனை புண்பட்ட நாட்டில், எவருக்கும் தாய்மொழியல்லாத, எனவே எவரும் எவரையும் விஞ்ச இயலாத 15 சொற்களில் நாங்கள் உரையாடுகிறோம். பழைய தோழர்களிற் சிலர் மறைந்தனர். சிலர் பிள்ளைகளோடு அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் சென்றனர். நான்காவது கதிரை பல ஞாயிறுகளில் வெறுமையாகவே கிடக்கிறது.

நிலையான கூட்டாளியோடு போட்டிகளுக்குச் செல்வோர் விரும்பிய அளவு கற்கட்டும். அது அவர்கள் உழைப்பு. நட்புக்காகக் கூடும் மேசையிலோ, புதிதாக வருபவர் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளக்கூடியது எதுவோ அதுவே சிறந்த ஏலமுறை.