லாஸ் ஏஞ்சலிஸ் ஏர்போர்ட்டில் பைக் போலீஸ் எதற்கு? குதிரை லாடச் சாலையின் சிக்கல்

ஏர்போர்ட்டுக்கு ஆளைக் கூட்டி வரப் போன எல்லோருக்கும் இது தெரியும். "லக்கேஜ் வந்துடுச்சு, அஞ்சே நிமிஷம்" என்று போன் வரும். அதற்குள் ஒரு காவலர் வந்து கண்ணாடியைத் தட்டி வண்டியை எடுக்கச் சொல்வார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் (எல்ஏஎக்ஸ்) அந்தக் காவலர் பைக்கிலும் வரலாம். இவ்வளவு பெரிய ஏர்போர்ட்டில் பைக்குக்கு என்ன வேலை?

யார் இந்த போலீஸ்?

எல்ஏஎக்ஸுக்கென்றே தனி காவல் துறை இருக்கிறது. நகரத்தின் எல்ஏபிடி வேறு, இது வேறு. இதன் பைக் பிரிவுக்கு முக்கிய வேலை போக்குவரத்துதான். நிற்கக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டிகளை நகர்த்துவது, விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேருவது, முக்கியப் பிரமுகர்களின் கார்களுக்கு வழி ஏற்படுத்துவது என்று வேலை நீளும்.

காரில் போனால் ஆகாதா?

ஆகாது. காரணம், சாலையின் அமைப்பு. எல்ஏஎக்ஸின் டெர்மினல்கள் குதிரை லாட வடிவ ஒருவழிச் சாலையைச் சுற்றி நிற்கின்றன. 1984 ஒலிம்பிக்கை ஒட்டி, அதன் மேல் இன்னொரு தளம் கட்டினார்கள். புறப்படுவோருக்கு மேல் தளம், வந்து இறங்குவோருக்குக் கீழ் தளம். 2024-ல் இந்த நிலையத்தைப் பயன்படுத்தியவர்கள் 7.6 கோடிக்கும் அதிகம். லாடத்தின் ஒரு முனையில் நாலு கார் நின்றுவிட்டால் போதும், பின்னால் உள்ள எல்லாமே ஸ்தம்பித்துவிடும். அந்த நெரிசலில் ரோந்து காரும் மாட்டிக்கொள்ளும். பைக் இடைவெளியில் புகுந்து போய்விடும். இப்படி லேன்களுக்கு நடுவே போவதை கலிபோர்னியா 2017 முதல் சட்டத்திலேயே அங்கீகரித்திருக்கிறது.

கொஞ்ச நேரம் நின்றால் என்ன தப்பு?

டிராஃபிக்கைத் தாண்டி, இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. கார் பெரும்பாலும் சோதனை இல்லாமலேயே டெர்மினல் வாசல் வரை வந்துவிடும். 1999 டிசம்பரில் வெடிபொருட்களுடன் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழைந்த அகமது ரெசாம் எல்லையில் பிடிபட்டார். அவர் குறிவைத்தது எல்ஏஎக்ஸ். 2007-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஏர்போர்ட்டில் எரிவாயு சிலிண்டர்கள் ஏற்றிய ஜீப்பை டெர்மினல் வாசலில் மோதினார்கள். ஆள் இல்லாத காரைப் பார்த்ததும் போலீஸ் பதறுவதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

பைக்கால் முடியாதது

2013 நவம்பர் 1 அன்று மூன்றாவது டெர்மினலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பாதுகாப்புச் சோதனை அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். சுட்டவரை மடக்கியது ஏர்போர்ட் போலீஸ்தான். ஆனால், காவல், தீயணைப்பு உள்ளிட்ட துறைகளுக்கு இடையே தகவல் தொடர்பும் ஒருங்கிணைப்பும் சரியாக இல்லை என்று பிறகு வந்த ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது. ஒரு காவலர் வேகமாக வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. அவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸும் வந்தாக வேண்டும். அதற்குச் சாலை காலியாக இருக்க வேண்டும்.

அப்படியென்றால் தீர்வு?

கார்களைக் குறைப்பதுதான். 2019 அக்டோபரில் டாக்ஸிகளும் பெரும்பாலான ஊபர், லிஃப்ட் வண்டிகளும் டெர்மினல் வாசலில் ஆள் ஏற்றுவது நிறுத்தப்பட்டது. முதல் டெர்மினலுக்கு அருகே 'எல்ஏஎக்ஸ்-இட்' என்ற தனி இடம் ஒதுக்கினார்கள். இறக்கிவிடுவது மட்டும் வாசலிலேயே தொடர்ந்தது. 2025 ஜூனில் மெட்ரோ நிலையம் திறந்தது. அங்கிருந்து டெர்மினல்களுக்குப் போக ஓட்டுநர் இல்லாத ரயிலுக்கு 3.6 கிலோமீட்டர் பாதை அமைக்கும் வேலை 2019-ல் தொடங்கியது. 2023-ல் ஓடும் என்றார்கள். தேதி தள்ளித் தள்ளிப் போனது.

இந்த நகரத்துக்குக் கிடைத்திருப்பது 2026 கால்பந்து உலகக் கோப்பைப் போட்டிகள், 2028 ஒலிம்பிக் என்று இரண்டு பெரிய கூட்டங்கள். 1984-ல் கூடுதல் தளம் கட்டி நெரிசலைச் சமாளித்தார்கள். அந்தத் தளமும் நிரம்பிவிட்டது. ரயிலை நம்பி மக்கள் காரை வீட்டில் விட்டு வந்தால்தான் லாடச் சாலை மூச்சுவிடும். அதுவரை கண்ணாடியைத் தட்டும் வேலை பைக் போலீஸுக்குக் குறையப்போவதில்லை.