பாண்டில் கையெழுத்துப் போட்டவர் கைதி அல்ல

"பாண்டில் கையெழுத்துப் போட்டாச்சு, ரெண்டு வருஷம் அசைய முடியாது." வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம் பிள்ளைகள் பலர் இதை அப்படியே நம்புகிறார்கள். வீட்டிலும் "கேஸ் போட்டுடுவாங்க, பொறுத்துக்கோப்பா" என்றுதான் சொல்கிறோம். சம்பளம் இழுபறி, விடுப்பு கிடையாது, ஆனாலும் அதே நாற்காலி. இந்தப் பயத்துக்குச் சட்டத்தில் ஆதாரம் மிகக் குறைவு.

வேலையை விடவே முடியாது என்பது சுத்தப் பொய். ஒருவருடைய சொந்த உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றியே தீரவேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை. 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் நிலை அதுதான். நோட்டீஸ் காலத்தை முடித்துக் கொடுங்கள், அல்லது ஒப்பந்தம் அனுமதித்தால் அதற்கான சம்பளத்தைக் கட்டுங்கள். அந்தக் கடமை உண்மையானது.

அடுத்து, பாண்டில் எழுதிய தொகை முழுவதையும் கட்டியாக வேண்டும் என்ற பேச்சு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, எழுதிய தொகையை உச்சவரம்பாகத்தான் பார்க்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். பயிற்சிக்கு உண்மையில் செலவு செய்த நிறுவனம் அதைக் கேட்பதில் தவறில்லை. சீனியர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அதற்கு லட்சக்கணக்கில் விலை போடுவது அநியாயம். நிறுவனத் தரப்பினர் 2025 மே மாதம் வந்த விஜயா வங்கித் தீர்ப்பைக் காட்டுவார்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் காரணங்களையும் படிக்க வேண்டும். அந்த வழக்கில் வேலையை விட்டவர் நல்ல சம்பளம் வாங்கிய மூத்த மேலாளர். பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்து, போட்டி வைத்து மறுபடி ஆளெடுக்க வேண்டியிருக்கிறது. அப்போதும் அவர் விலகி வேறு வங்கிக்குப் போவதை அந்த பாண்ட் தடுக்கவில்லை. மாதம் பதினைந்தாயிரம் வாங்கும் பிள்ளையை மிரட்ட இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு வருவது முறையல்ல.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட் வாங்கி வைப்பது கம்பெனியின் உரிமையா? இல்லை. அரசு மருத்துவ மேற்படிப்பு பாண்ட் தொடர்பான வழக்கிலேயே, சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினலோடு வீட்டுக்கு வாருங்கள்.

போலீஸ் கேஸ் என்ற மிரட்டலும் பெரும்பாலும் வெற்று மிரட்டல். ஒப்பந்தத்தை மீறுவது சிவில் விவகாரம். கம்பெனியின் லேப்டாப்பையோ தரவையோ எடுத்துப் போனால் அது வேறு கதை. உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை: தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் செக். அது வங்கியில் திரும்பினால் நெகோஷியபிள் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கே வரலாம். கடன் இல்லை என்று நிரூபிக்க நீங்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். வேலையே போனாலும் அந்தச் செக்கைக் கொடுக்காதீர்கள்.

பி.எஃப். பணத்தை பாண்டுக்காகக் கழிக்கவும் முடியாது. விலகிய தேதியைக் கம்பெனி பதியாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். தளத்தில் நீங்களே பதியலாம்.

ரிலீவிங் லெட்டர் தராமல் இழுத்தடிப்பதுதான் நிஜமான தொல்லை. அதற்காகவே ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் சொந்தக் கணக்கில் சேமித்து வையுங்கள். கையெழுத்துப் போட்ட பாண்டின் நகலை அன்றே கேட்டு வாங்குங்கள்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதறாமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமான வரம்பு இல்லாமலும், மற்றவர்களுக்கு வரம்புக்கு உட்பட்டும் அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். உதவி எண் 15100.