இரண்டாவது வழி எங்கே?

ஊரிலிருந்து யாராவது புறப்பட்டால் நம் உறுப்பினர்களைத் தேடிவரும் முதல் கேள்வி இதுதான்: "ஹவுரா ஸ்டேஷன் பக்கத்திலே நல்ல லாட்ஜ் ஒன்று சொல்லுங்களேன்." காசிக்குப் போகும் வழியில் இறங்குவோர், படாபஜாரில் சரக்கெடுக்க வரும் சிறு வியாபாரிகள், தேர்வெழுத வரும் பிள்ளைகள், விடுமுறைக்குக் குழந்தைகளோடு ஊர் பார்க்க வருவோர் என எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். வாடகை என்ன, வெந்நீர் உண்டா, பக்கத்தில் இட்லி கிடைக்குமா என்றெல்லாம் பேசப்படுகிறது. ஆபத்து வந்தால் உயிரோடு வெளியே வர வழி உண்டா என்று மட்டும் கேட்பாரில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும் என்று 2025 ஏப்ரல் 29 இரவு நமக்குச் சொல்லிவிட்டது. ஹவுரா பாலத்தைத் தாண்டினால் வரும் படாபஜாரில், மெச்சுவா பழச்சந்தை அருகே ரிதுராஜ் என்ற விடுதி தீப்பிடித்தது. 14 பேர் மாண்டனர். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. முதல் மாடியில் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. ஜன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தன. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று காலாவதியாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இதை அதிகாரிகளே சொன்னார்கள். எப்போது சொன்னார்கள்? பிணங்களை இறக்கிய பிறகு!

உரிமையாளரும் மேலாளரும் கைதானார்கள். நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. சரி. ஆனால் சான்று காலாவதியான அந்த மூன்றாண்டுக் காலம் அந்தப் படியில் ஏறிப் பார்க்க வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள்? இந்தக் கேள்வியை நிவாரணத் தொகையால் மூடிவிட முடியாது.

இது கொல்கத்தாவுக்கு மட்டும் வந்த நோயல்ல. 2018 ஜூனில் லக்னோவின் சார்பாக் ரயில் நிலையத்தருகே விடுதித் தீ உயிர்களைப் பலிகொண்டது. 2019 பிப்ரவரி 12 விடியற்காலையில் டில்லி கரோல்பாகில் ஒரு விடுதி எரிந்து 17 பேர் இறந்தனர். அது ஏழைகள் தங்கும் மலிவுச் சத்திரமல்ல. தாழ்வாரத்தில் அழகுக்காகப் பதித்த மரப்பலகைகளே தீயைப் பரப்பின. ஆகவே, வாடகை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று யாரும் நம்பவேண்டாம். பளபளக்கும் வரவேற்பு மேஜை ஒருவரையும் காப்பாற்றாது. படிக்கட்டுதான் காப்பாற்றும்.

எனவே ஊரிலிருந்து கேட்போருக்கு இனி நாம் சொல்லவேண்டியது இது. எந்த நிலையத்தில் இறங்குகிறோம் என்பதை முதலில் டிக்கெட்டில் பாருங்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸை 2022-ல் ஹவுராவிலிருந்து ஷாலிமாருக்கு மாற்றினார்கள். இது தெரியாமல் அறை பிடித்தவர்கள் பெட்டியும் குழந்தையுமாக அலைந்தார்கள். நிலைய வாசலிலேயே கையைப் பிடித்து இழுக்கும் தரகரோடு போகாதீர்கள். அவருடைய கமிஷன் உங்கள் வாடகையில்தான் சேரும். உறுதியான டிக்கெட் இருந்தால், பெரிய நிலையங்களில் உள்ள ரயில்வே ஓய்வறைக்கு அதே பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்யலாம். ஓரிரு இரவு தங்குவோருக்கு அது போதும்.

வெளியே தங்குவதானால், பணம் கட்டுமுன் அறையைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் அடுத்த வாசலுக்குப் போங்கள். இரண்டாவது படிக்கட்டு எங்கே, அதன் கதவு பூட்டியிருக்கிறதா, மூட்டை முடிச்சுகளை அடுக்கி வழியை மறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஜன்னல் திறக்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். கூடியவரை முதல் மாடி, இரண்டாம் மாடியிலேயே அறை கேளுங்கள். உங்கள் அறையிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணி வையுங்கள். புகை சூழ்ந்தால் கண் உதவாது, அந்த எண்ணிக்கைதான் உதவும். லிப்டில் ஏறாதீர்கள், குனிந்தோ தவழ்ந்தோ வெளியேறுங்கள். தாழ்வாரம் முழுதும் புகையென்றால் கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து, ஜன்னலருகே நின்று குரல் கொடுங்கள். தீயணைப்புக்கு 101, எந்த அவசரத்துக்கும் 112, ரயிலிலும் நிலையத்திலும் உதவிக்கு 139. அடையாள அட்டையின் நகலைக் கொடுங்கள். அசலை மேஜையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

இத்தனையும் பயணிதான் செய்யவேண்டுமா? மொழி தெரியாத ஊரில் நள்ளிரவில் வந்திறங்கும் ஒரு தாய், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டடப் பொறியாளரைப்போல் சுவரையும் படியையும் சோதிக்க வேண்டுமா? அரசும் மாநகராட்சியும் வரி வாங்குவது எதற்கு? நாம் கேட்பது பெரிய சலுகையல்ல. தீயணைப்புச் சான்று எந்தத் தேதிவரை செல்லும் என்பதை வங்காளியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒவ்வொரு விடுதி வாசலிலும் தொங்கவிடுங்கள். சான்றில்லாத விடுதிகளின் பட்டியலை மாநகராட்சி வெளியிடட்டும். ரயில்வே நிர்வாகம் சாதாரணப் பயணிக்குக் கட்டுப்படியாகும் ஓய்வறைகளைப் பெருக்கட்டும்.

இதை வங்காளத்திடம் மட்டும் கேட்டால் நமக்கு நியாயமில்லை. சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி வங்காள நோயாளிகள் கூட்டங்கூட்டமாக வேலூர் போகிறார்கள். அங்குள்ள சந்துகளில் லாட்ஜுகளிலேயே பல வாரம் தங்குகிறார்கள். அவர்கள் ஏறும் படிக்கட்டும் குறுகலாக இருக்கக்கூடாது. நம் குழந்தைக்கு இங்கே கேட்கும் பாதுகாப்பை அவர்கள் குழந்தைக்கு அங்கே கேட்கவும் நாம் கடமைப்பட்டவர்கள்.

கோரிக்கை மனு ஒரு பக்கம் போகட்டும். கையோடு செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. ஹவுரா, ஷாலிமார், சியால்தா பக்கம் வேலைக்குப் போய்வரும் உறுப்பினர்கள் மாதம் ஒரு விடுதியாவது ஏறிப் பாருங்கள். இரண்டு படிக்கட்டு உண்டா, சான்றின் தேதி என்ன என்று குறித்து அலுவலகத்தில் கொடுங்கள். ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு அந்தக் குறிப்பைப் பார்த்துப் பதில் சொல்வோம். நாலு பேர் கேட்டால் விடுதிக்காரர் எரிச்சல்படுவார். நாற்பது பேர் கேட்டால் கதவைத் திறந்துவைப்பார். நானூறு பேர் கேட்டால் மாநகராட்சியும் படியேறி வரும்.

கேட்போம், தோழர்களே! ஒவ்வொரு வாசலிலும் கேட்போம்: இரண்டாவது வழி எங்கே?