வேலியைப் பிடுங்கியவர் யார்?

2008-ல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் சரிந்தது. சூதாடியவர்கள் பண முதலைகள். வீடும் வேலையும் இழந்தவர்களோ லட்சோப லட்சம் உழைப்பாளி மக்கள். பாங்கு முதலாளிகளைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலருக்குச் சர்க்கார் சட்டம் செய்தது. மக்கள் கொதித்தனர். 5,000 கோடி டாலரும் அதற்கு மேலும் சொத்துள்ள பாங்குகளைக் கண்டிப்பாகக் கண்காணிக்க 2010-ல் இன்னொரு சட்டம் வந்தது.

அந்த வேலி எட்டாண்டுதான் நின்றது! 2018-ல் டிரம்ப் ஆட்சி வரம்பை 25,000 கோடியாக உயர்த்தியது; டெமாக்ரடிக் கட்சியினர் சிலரும் கை தூக்கினர். இதை 2015-லேயே செனட் கமிட்டியிடம் கேட்டவர்களில் சிலிக்கான் வேலி பாங்கின் தலைவரும் ஒருவர். 2022 முடிவில் 20,900 கோடி டாலர் சொத்திருந்தும், அந்தப் பாங்கு புதிய வரம்புக்குள் அடங்கிவிட்டது.

2023 மார்ச் 9-ல் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. மறுநாள் பாங்கு மூடப்பட்டது. 2.5 லட்சம் டாலர் வரையே காப்பீடு என்ற விதியை ஒதுக்கிவிட்டு, டெபாசிட் முழுவதற்கும் இரண்டே நாளில் உத்தரவாதம் கிடைத்தது. 2008-ல் வீடிழந்த தொழிலாளிக்கு இந்த வேகம் எங்கே போயிற்று?

முதலாளிகள் போட்ட வேலியை முதலாளிகளே பிடுங்குவார்கள். பாங்குகளைத் தேசவுடைமையாக்கி மக்கள் கண்காணிப்பில் வைப்பதே அசல் வேலி. அதைப் போராடித்தான் போட முடியும்.