ஒப்பிப்பது வேறு... சொல்வது வேறு!



ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நடுவர்கள் மூன்று பேரில் நானும் ஒருவன். வகுப்பறை பெஞ்சுகளை ஓரமாக இழுத்துப் போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்து, வரிசையாக மாதிரிகளை வைத்திருந்தார்கள். தெர்மாகோல் எரிமலை, தெர்மாகோல் சூரியக் குடும்பம், தெர்மாகோல் இதயம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் படிய வாரிய தலையுடன் ஒரு பையனோ, பெண்ணோ!

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி எங்களைப் பார்த்ததும் விறைப்பாக நின்றாள். "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனது ஆய்வின் தலைப்பு நீர் மேலாண்மை. நீரானது மனித வாழ்விற்கு இன்றியமையாத..." என்று மூச்சு விடாமல் ஆரம்பித்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "இது என்னம்மா படம்?" என்று நடுவில் கேட்டுத் தொலைத்தேன். அவ்வளவுதான். அவளுக்கு விட்ட இடம் கிடைக்கவில்லை. கண்ணை மேலே உயர்த்தி யோசித்தாள். பிறகு, "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனது ஆய்வின் தலைப்பு..." என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிட்டாள்!

சிரிக்காதீர்கள். நானும் உங்கள் வயதில் இதையேதான் செய்தேன். உங்களிலும் பல பேர் செய்திருப்பீர்கள்.

அவள் முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சார்ட்டின் மூலையில் இருந்த சின்னப் படத்தைக் காட்டி, "தண்ணி சொட்டுற குழாய் போட்டிருக்கியே, இது எங்க இருக்கு?" என்று கேட்டேன். அவள் முகமே மாறிவிட்டது.

"எங்க ஸ்கூல்லதான் சார். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல. நாலு குழாய் ஒழுகுது. நான் கீழ டம்ளர் வெச்சுப் பார்த்தேன். 200 மில்லி டம்ளர். நாப்பது நிமிஷத்துல நெறைஞ்சிடுச்சு. மொதல் தடவ காக்கா வந்து தட்டி விட்டுடுச்சு சார், அதனால மறுபடியும் வெச்சேன்..."

கை ஆட்டி, குழாய் சொட்டுவதை விரலால் தாளம் போட்டு, காக்கா வந்ததை நடித்தே காட்டிவிட்டாள். இப்போது அவள் எதையும் மறக்கவில்லை. முதலிலிருந்து ஆரம்பிக்கவும் இல்லை.

"இதையெல்லாம் ஏன் சார்ட்டுல எழுதலை?" என்றேன். "அதெல்லாம் ஆய்வு மாதிரி இல்லையே சார்" என்றாள், வெட்கத்துடன்.

எனக்கு வருத்தமாக இருந்தது. அதுதானே ஆய்வு! டம்ளர், கடிகாரம், காக்கா எல்லாம் சேர்ந்ததுதான் ஆய்வு. 'நீரானது மனித வாழ்விற்கு இன்றியமையாதது' என்பதை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. அது எங்கள் மூவருக்கும் முன்பே தெரியும். ஆனால் அந்தக் குழாய் நாற்பது நிமிடத்தில் ஒரு டம்ளரை நிரப்பும் என்பது, உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதைப் போய் ஒளித்து வைத்துவிட்டாளே!

இதில் குழந்தைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்கள் நாங்கள்தான் கட்டுரை மாதிரிப் பேசினால் கை தட்டுகிறோம். கடையில் வாங்கிய மாதிரிக்குப் பரிசு கொடுக்கிறோம். அப்பாவே ராத்திரி உட்கார்ந்து செய்த புராஜெக்ட் என்று பார்த்தாலே தெரிந்தாலும், தெரியாதது மாதிரி நகர்ந்து போகிறோம்.

சரி, அவள் எப்படிப் பேசியிருக்கலாம்? முதலில் ஒரே ஒரு வாக்கியம். நான் கண்டுபிடித்தது இது என்று. அந்த வாக்கியம் வாய்க்கவில்லை என்றால், சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கக் கடைக்கே போகாதீர்கள். வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

அவளுடைய கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்றால், நாளுக்கு 36 டம்ளர். ஒரு டம்ளர் 200 மில்லி. ஆக 7,200 மில்லி. இதை அப்படியே சொன்னால் கேட்பவர் மண்டையில் ஏறாது. 7 லிட்டருக்கு மேல் என்றால் கொஞ்சம் ஏறும். 15 லிட்டர் குடத்தில் கிட்டத்தட்ட அரைக் குடம் என்றால், வீட்டில் குடம் தூக்கிய யாருக்கும் இடுப்பிலேயே உறைக்கும்! "நம் பள்ளியில் ஒரு குழாய் மட்டும் தினமும் அரைக் குடம் தண்ணீரை வீணாக்குகிறது." இதுதான் அந்த வாக்கியம். இதை முதலில் சொல்லிவிட்டால், அடுத்து எப்படி அளந்தாய், எத்தனை தடவை அளந்தாய் என்று கேட்பவருக்கே ஆவல் வந்துவிடும்.

இப்படிச் சொல்லத் தெரிவது பிறவியிலேயே வருவது என்று நினைக்காதீர்கள். லண்டனில் ஒரு கொல்லரின் மகன் இருந்தார். 1791-ம் ஆண்டு பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகினார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்தும் விடுவார்! 1812-ல் ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்க அவருக்கு டிக்கெட் கிடைத்தது. நான்கு சொற்பொழிவுகளையும் கேட்டு, குறிப்பெடுத்து, படம் வரைந்து, தானே அழகாக பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பி வைத்தார். அடுத்த ஆண்டே டேவியிடம் உதவியாளர் வேலை கிடைத்தது. அவர்தான் மைக்கேல் ஃபாரடே. பின்னாளில் மின்சாரம் உண்டாக்கும் ஜெனரேட்டருக்கு வழி காட்டியவர்.

வேலைக்குச் சேர்ந்த அந்த 1813-லேயே அவர் ஒரு நண்பருக்குக் கடிதங்கள் எழுதினார். எதைப் பற்றி? சொற்பொழிவு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி! அரங்கத்தில் காற்றோட்டம் இருக்கிறதா என்பதைக்கூட அவர் விடவில்லை. புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எதைக் கேட்பான், சொல்லுங்கள்! தானே மேடை ஏறுவதற்காக, பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரிடம் பாடமும் படித்தார். அதோடு விட்டாரா? தான் வேகமாகப் பேசினால் 'மெதுவாக' என்று எழுதிய அட்டையையும், நேரம் முடியப் போனால் 'நேரம்' என்று எழுதிய அட்டையையும் தன் முன்னால் வைக்கும்படி தன் உதவியாளரிடம் சொல்லி வைத்திருந்தார். அத்தனை பெரிய விஞ்ஞானிக்கே அட்டை தேவைப்பட்டது!

அவர் வேலை பார்த்த ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825 முதல் கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறுவர்களுக்காகச் சொற்பொழிவுகள் நடத்தத் தொடங்கினார்கள். ஃபாரடே அதில் 19 ஆண்டுகள் பேசியிருக்கிறார். மிகவும் பெயர் பெற்றது எது தெரியுமா? ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றிப் பேசியது. எல்லார் வீட்டிலும் இருக்கிற சாதாரண மெழுகுவர்த்தி! அதை ஊதி அணைப்பார். திரியிலிருந்து வெண்புகை எழும். எரியும் குச்சி ஒன்றை அந்தப் புகையில் காட்டுவார், திரியைத் தொடாமல். நெருப்பு புகை வழியாகவே இறங்கி வந்து திரியைப் பற்ற வைத்துவிடும். எரிவது மெழுகின் ஆவிதான் என்பதை எத்தனை பக்கம் பேசினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியுமா? (செய்து பார்க்க ஆசையாக இருக்கிறதா? அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும்!)

ஆகவே, காட்ட முடிந்ததைக் காட்டுங்கள். அந்தச் சிறுமி தெர்மாகோலில் அணை கட்டி நீல பெயின்ட் அடித்திருந்தாள். அதற்குப் பதில் அந்த டம்ளரையே மேஜை மேல் வைத்திருந்தால் போதும். பக்கத்தில் பாதி நிரம்பிய ஒரு குடம். செலவே இல்லை.

சார்ட்டோ, கம்ப்யூட்டர் ஸ்லைடோ, அதில் நீங்கள் பேசப் போவதை எல்லாம் எழுதி வைக்காதீர்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் படிக்க முடிகிறதா என்று போய்ப் பாருங்கள். முடியவில்லை என்றால் எழுத்தைக் குறையுங்கள், அளவைக் கூட்டுங்கள். அழகான பார்டரும் பூவும் போட்டது போதும். ஒரு படத்தில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிய வேண்டும். அது தெரியாமல் போனால் எவ்வளவு பெரிய விபரீதம் நடக்கலாம் என்பதற்கு ஒரு சோகக் கதை உண்டு.

1986-ம் ஆண்டு ஜனவரி 28. அமெரிக்காவில் சேலஞ்சர் என்ற விண்வெளி ஓடம் கிளம்பிய 73-வது விநாடியில் வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களில் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியையும் ஒருவர். விண்வெளியிலிருந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் போனவர்.

முதல் நாள் இரவே ராக்கெட் பொறியாளர்கள் சிலர் எச்சரித்தார்கள். ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது, நாளைக்கு ஏவ வேண்டாம் என்றார்கள். 13 தாள்களில் விவரம் எழுதியும் அனுப்பினார்கள். அதற்கு முன் மிகவும் குளிரான நாளில் ஏவியபோது வெப்பநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸ். அன்றோ சுமார் 2 டிகிரிதான்! மேலதிகாரிகள் கேட்கவில்லை. பெரிய தவறு அவர்களுடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தாள்களைப் பின்னாளில் ஆராய்ந்த எட்வர்ட் டஃப்டி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இன்னொன்றையும் சொன்னார். எவ்வளவு குளிர், வளையத்துக்கு எவ்வளவு சேதம் என்ற இரண்டையும் சேர்த்துக் காட்டும் ஒரே ஒரு படம் அதில் இல்லையாம். ஒன்று ஒரு தாளில், இன்னொன்று வேறு தாளில். இது நியாயமான குறை இல்லை என்று பொறியாளர்கள் தரப்பில் பதில் சொன்னார்கள். அந்த வாதம் இருக்கட்டும். எனக்குத் தோன்றுவது, அப்படி ஒரு படம் இருந்திருந்தால் 'முடியாது' என்று சொல்ல அதிகாரிகளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

சரியாக இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 11 அன்று விசாரணை நடந்தது. விசாரணைக் குழுவில் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் என்ற நோபல் பரிசு பெற்ற இயற்பியல் விஞ்ஞானி இருந்தார். எல்லாரும் நீளமாகப் பேசிக் கொண்டிருக்க, அவர் அந்த வளையத்தின் ரப்பர் துண்டு ஒன்றைச் சின்ன இடுக்கியில் நசுக்கி, மேஜையில் இருந்த ஐஸ் தண்ணீர் கிளாசுக்குள் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, இடுக்கியைக் கழற்றினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. நசுங்கியே கிடந்தது! குளிரில் ரப்பர் விறைத்துப் போகிறது என்பதை டி.வி. பார்த்த எல்லாரும் புரிந்து கொண்டார்கள். ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணீர்தான்!

இனி, நிறையப் பேர் பயப்படும் விஷயத்துக்கு வருவோம். கேள்வி நேரம்!

அந்தச் சிறுமியிடம், "நாலு குழாயும் ஒரே வேகத்துலயா சொட்டுது?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். "தெரியல சார். ஒண்ணைத்தான் அளந்தேன்" என்றாள். பக்கத்தில் நின்ற அவளுடைய தோழி முழங்கையால் இடித்தாள், ஏன் இப்படிச் சொன்னாய் என்பது போல. எனக்கோ அன்று முழுவதும் கேட்ட பதில்களிலேயே அதுதான் பிடித்தது. நான்கையும் அளந்தேன் என்று அவள் புளுகியிருந்தால் எனக்குத் தெரியப் போவதே இல்லை. சொல்லவில்லை பாருங்கள்! காக்கா தட்டி விட்டதையும் மறைக்கவில்லை. எது அளந்தது, எது ஊகம், எது கெட்டுப் போனது என்று பிரித்துச் சொல்பவரைத்தான் நான் நம்புவேன். கேள்வி கேட்பவர் உங்களை மடக்க நிற்கும் எதிரி இல்லை. முக்கால்வாசி நேரம், அவருக்கு நிஜமாகவே தெரிந்து கொள்ள ஆசை.

பேசிப் பழக வேண்டாமா என்கிறீர்களா? கட்டாயம் வேண்டும். ஆனால் கண்ணாடி முன் நின்று வேண்டாம். கண்ணாடி ஒன்றும் கேட்காது. உங்கள் ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரைப் பிடியுங்கள். பாட்டி ரொம்பப் பொருத்தம். எழுதி வைத்ததைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, நான்கைந்து சொற்கள் மட்டும் எழுதிய துண்டுக் காகிதத்தோடு உட்காருங்கள். 'டம்ளர், 40, காக்கா, குடம்' என்பது போல. பாட்டி 'அதென்னடா அது?' என்று கேட்கும் இடமெல்லாம் நீங்கள் சரி செய்ய வேண்டிய இடம். பாட்டி தூங்கிவிட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்! கடிகாரத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஐந்து நிமிடம் என்றால் ஐந்துதான். நேரம் தீர்ந்து போய்க் கடைசியில் கண்டுபிடிப்பையே சொல்லாமல் இறங்கியவர்கள் உண்டு.

அன்றைக்கு முதல் பரிசு அந்தச் சிறுமிக்குக் கிடைக்கவில்லை. நான் வாதாடிப் பார்த்தேன், மற்ற இருவரும் ஒப்புக் கொள்ளவில்லை. புகை விட்ட தெர்மாகோல் எரிமலைக்குப் போனது பரிசு.

கிளம்பும்போது சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பார்த்தேன். நான்கு குழாய்களும் சொட்டிக் கொண்டுதான் இருந்தன. மூன்று குழாய்களுக்குக் கீழே, சுத்தமாகக் கழுவிய மூன்று டம்ளர்கள் புதிதாக உட்கார்ந்திருந்தன. பக்கத்தில், காக்காவை விரட்டக் கையில் குச்சியோடு அவளுடைய தோழி!