அரிதானது பறவையா, பார்ப்பவரா?

பொங்கல் விடுமுறையில் ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் பள்ளி வளாகத்திலும் நின்று பறவைகளை எண்ணும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது. 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடந்து வருகிறது. அடுத்த மாதமே உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்று வருகிறது. வனத் துறை நடத்தும் கணக்கெடுப்பு தனி. ஒவ்வொரு முறையும் புதியவர்கள் பலர் இதில் சேர்கின்றனர். அவர்களோடு ஒரு பழைய சச்சரவும் தலைதூக்குகிறது. பறவைகளைப் பார்க்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆன ஒருவர், அரிய பறவை ஒன்றைக் கண்டதாகப் பதிவு செய்யலாமா?

கூடாது என்று சொல்வோரிடம் நியாயம் இல்லாமல் இல்லை. புதியவர் கண்ணுக்கு எல்லாமே புதிது. புதியதெல்லாம் அரியது என்று தோன்றுவது இயல்பு. தவறான பதிவு ஒன்று ஏறிவிட்டால் அதைத் தேடி நாலு பேர் அலைவார்கள். அறிவியல் தரவும் மாசுபடும். எனவே ஓரிரு ஆண்டுகள் பழகிய பிறகே வாய் திறக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்த வாதத்தை எண்களில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. சேலம் மாவட்டம் வாழப்பாடியை ஒட்டிய பாறைக்குன்று ஒன்றின் அடிவாரத்தை எடுத்துக்கொள்வோம். தென்னிந்தியாவின் பாறைக்குன்றுப் புதர்க்காடுகளில் மட்டுமே வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னான், உலக அளவில் அழியக்கூடிய நிலையில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட புல்புல் இனம். சேர்வராயன் மலையில் அது இருப்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. அதே புதர்க்காட்டில் வெண்புருவச் சின்னான் என்ற சாதாரணப் பறவையும் உண்டு. புதியவர் இரண்டையும் குழப்பிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உள்ளது.

ஒரு கணக்குக்காக, அந்த அடிவாரத்தில் 1,000 முறை சின்னான்கள் தென்படுகின்றன என்றும், அவற்றில் 10 மட்டுமே மஞ்சள் தொண்டை என்றும் கொள்வோம். பார்ப்பவர் நூற்றுக்கு 90 முறை சரியாகச் சொல்லக்கூடியவர். தொடக்க நிலையில் இது மிகத் தாராளமான மதிப்பெண். அரிய 10 பறவைகளில் 9-ஐ அவர் சரியாகப் பிடிப்பார். எஞ்சிய 990 சாதாரணப் பறவைகளில் 99-ஐ அரியது என்று தவறாகச் சொல்வார். ஆக, அவர் தரும் 108 'அரிய' அறிவிப்புகளில் உண்மையானவை 9, பன்னிரண்டில் ஒன்று. திறமை குறைவென்று இவரைக் கடிந்து பயனில்லை. தேடும் பொருள் அரிதாக இருக்கும்போது நல்ல கண்ணும் இப்படித்தான் ஏமாறும். நோய் கண்டறியும் சோதனைகளில் மருத்துவர்கள் எதிர்கொள்ளும் அதே கணக்கு இது.

இதோடு நிறுத்தினால் 'கூடாது' கட்சிக்கே வெற்றி. ஆனால் கணக்குக்கு மறுபக்கம் இருக்கிறது. அந்த 108 அறிவிப்புகளும் வராமல் போனால் உண்மையான 9-ம் வராமல் போகும். படத்தோடு வந்த ஓர் அறிவிப்பைச் சரிபார்க்க, விவரம் அறிந்தவருக்குச் சில நிமிடங்கள் போதும். கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் இருக்கிறதா, தலையும் தொண்டையும் மஞ்சளா என்று பார்த்தால் தீர்ந்தது. தவறான அறிவிப்பால் ஏற்படும் இழப்பு சில நிமிடங்கள். சொல்லாமல் விட்ட அறிவிப்பால் ஏற்படும் இழப்போ கணக்கிலேயே வராது. எதை இழந்தோம் என்பதுகூட நமக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. ஆயிரத்தில் பத்து என்ற எண்ணை நாம் எங்கிருந்து எடுத்தோம்? வேடந்தாங்கலிலோ கோடியக்கரையிலோ ஒரு பறவை அரியதா இல்லையா என்று சொல்ல ஆண்டுக்கணக்கான பதிவுகள் உள்ளன. வாழப்பாடியின் மரவள்ளிக் காடுகள், பாக்குத் தோப்புகள், வசிஷ்ட நதிப் படுகை, ஆனைமடுவு அணையின் நீர்ப்பரப்பு, அருநூற்றுமலைச் சரிவுகள் இவற்றை அப்படி யார் ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? பைனாகுலரோடு கிளம்புபவரை ஏற்காடு இழுக்கும். ஆத்தூர் சாலையோர வயல் இழுக்குமா? இத்தகைய ஊர்களில் ஒரு பறவை 'அரியது' என்றால், பறவை குறைவு என்றும் பொருள்படலாம். பார்ப்பவர் குறைவு என்றும் பொருள்படலாம். இரண்டையும் பிரித்தறிய, பார்ப்பவர்கள் பெருகுவதைத் தவிர வேறு வழி இல்லை.

தவறு புதியவர்களிடமிருந்தே வரும் என்ற நம்பிக்கையையும் வரலாறு ஆதரிக்கவில்லை. மத்திய இந்தியக் காடுகளில் வாழும் ஒரு சிறிய ஆந்தை இனம், நம் ஊர்ப் புள்ளி ஆந்தையின் சாயல் கொண்டது, 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகு காணப்படவே இல்லை. ஒரே விதிவிலக்காக, 1914-இல் குஜராத்தில் தாம் ஒன்றைப் பிடித்ததாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சொல்லியிருந்தார். பறவையியலில் அவர் பெரும் புள்ளி, யாரும் ஐயுறவில்லை. டில்லன் ரிப்ளி, சாலிம் அலி போன்ற மேதைகள் தேடியும் ஆந்தை அகப்படவில்லை. பின்னர் பமேலா ராஸ்முசென் என்ற ஆய்வாளர் அந்த மாதிரியை நுணுகி ஆராய்ந்தபோது, அது லண்டன் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டு, போலிச் சீட்டு ஒட்டப்பட்ட பழைய உடல் என்பது வெளிப்பட்டது. பொய்யான இடத்தைத் தள்ளிவிட்டு, நம்பத்தக்க பழைய மாதிரிகள் காட்டிய திசையில் தேடிய அவருடைய குழு, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தையை உயிரோடு கண்டது. ஒரு பெரிய மனிதரின் சொல்லைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டதன் விலை பல பத்தாண்டுகள்.

இதற்கு நேர்மாறான கதை ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் நடந்தது. ஜெர்டன் கோர்சர் என்ற தரைவாழ் இரவுப் பறவை 1900-க்குப் பிறகு காணப்படாததால், அற்றுப்போனதாகவே பலர் கருதினர். 1986 ஜனவரியில் அது மீண்டும் கிடைத்தது. அதற்குக் காரணமானவர் பட்டம் பெற்ற பறவையியலாளர் அல்லர். உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர். அவர் சொன்னதற்குச் செவிகொடுக்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் ஒருவர் அங்கே இருந்தார் என்பதுதான் முக்கியம். அதே கழகத்தின் படியேறித்தான் முன்னொரு காலத்தில் சிறுவன் சாலிம் அலி, தான் சுட்ட மஞ்சள் தொண்டைக் குருவியைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன பறவை என்று கேட்டான். கௌரவச் செயலராக இருந்த மில்லார்டு அந்தப் பையனைத் துரத்தவில்லை. பறவையின் பெயரைச் சொல்லி, கழகத்தின் சேகரிப்பையும் திறந்து காட்டினார்.

ஆகவே, புதியவர் பதிவு செய்ய வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் எதைப் பதிவு செய்வது என்பதில் கண்டிப்பு தேவை. கண்டது வேறு, கண்டதிலிருந்து முடிவுகட்டியது வேறு. மின்கம்பியில் அமர்ந்திருந்த பனங்காடையைப் பார்த்தவர், வடமேற்கு இந்தியா வழியாக வலசை போகும் ஐரோப்பியப் பனங்காடை இங்கே வந்துவிட்டது என்று எழுதுவது முடிவு. மார்பில் பழுப்பும் கீற்றும் இல்லை, வெளிர்நீலம் மட்டுமே தெரிந்தது, வெயில் எதிரே அடித்தது, தொலைவு ஐம்பது அடி, பார்த்தது அரை நிமிடம் என்று எழுதுவது சாட்சியம். சாட்சியம் பத்தாண்டுக்குப் பிறகும் பயன்படும். படம் மங்கலாக இருந்தாலும் இணைக்கட்டும். குரல் கேட்டால் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யட்டும். இனம் உறுதியாகத் தெரியாவிட்டால் 'ஏதோ ஒரு கழுகு' என்றே பதியலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன்பே குறிப்பை எழுதிவிடுவது நல்லது. படத்தைப் பார்த்த பிறகு கண் காணாததையும் கண்டதாக நினைவு சொல்லும். நீதிமன்றச் சாட்சிகளுக்கும் இதே வியாதி உண்டு.

இதற்கான ஏற்பாடு ஏற்கெனவே இயங்குகிறது. உலகெங்கும் பயன்படும் 'இ-பேர்ட்' தளத்தில், ஒரு வட்டாரத்தில் ஒரு மாதத்தில் எதிர்பாராத பறவையைப் பதிந்தால் உடனே விளக்கம் கேட்கும். அந்த வட்டாரத்தை அறிந்த தன்னார்வலர் ஒருவர் அதைப் பார்வையிடுவார். உறுதிப்படாத பதிவு, பதிந்தவரின் சொந்தப் பட்டியலில் இருக்கும். பொதுத் தரவில் சேராது. தரவு மாசுபடும் என்ற அச்சத்துக்கு இது போதுமான விடை. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்டோர் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. அந்த முப்பதாயிரம் பேரும் ஒருநாள் புதியவர்களாக இருந்தவர்கள்தாம்.

கூடாத இடமும் ஒன்று உண்டு. அது வாட்ஸ்ஆப் குழு. கூடு கட்டியிருக்கும் ஆந்தையின் இருப்பிடத்தை அங்கே ஒருவர் இட்டால், மறுநாள் விடியுமுன் பத்து கேமராக்கள் மரத்தடியில் நிற்கும். பறவை கூட்டைக் கைவிட்டுப் போவதும் உண்டு. பெயரை முதலில் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் அனுபவசாலிகளிடம்தான் கூடுதல் என்பது என் கணிப்பு.

இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு குன்றைக் குவாரிக்கு விடுவதா, ஓர் ஏரியின் கரையைச் சாலைக்கு எடுப்பதா என்ற கேள்வி எழும்போது, அங்கே என்ன உயிரினம் இருக்கிறது என்று தாளில் தேடுவார்கள். பதிவு இல்லாத இடம், ஒன்றும் இல்லாத இடமாகவே வாசிக்கப்படும். திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கு உள்ளூர் ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பறவைப் பட்டியல்கள் துணைநின்றன. அதே சமயம், ஓர் இடத்தைக் காக்கும் வழக்கில் போலியான ஓர் அரிய பதிவு அம்பலப்பட்டால் உண்மையான நூறு பதிவுகளும் மதிப்பிழக்கும். சரிபார்ப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சரிபார்ப்பவர்கள் எத்தனை பேர்? இதுதான் உண்மையான பற்றாக்குறை. பதிவிடுவோர் தொகை ஆண்டுதோறும் கூடும்போது, ஊதியமில்லாமல் இரவில் கண்விழித்துப் படங்களைப் பார்க்கும் சிலர் மீதே சுமை ஏறுகிறது. களைத்தவர் எழுதும் ஒருவரிப் பதில் புதியவருக்குக் கடுமையாகப் படுகிறது. அவர் அடுத்த முறை வாயைத் திறப்பதில்லை. பொதுப் பண்டத்தைச் சிலர் மட்டும் சுமந்து எல்லோரும் அனுபவிக்கும் பழைய சிக்கல்தான் இது. கேரளத்தில் 2015 முதல் 2020 வரை நடந்த பறவை வரைபடப் பணியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், அனுபவசாலிகளும் புதியவர்களுமாகக் கூட்டாகவே களமிறங்கினர். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் விலங்கியல் துறை உள்ள கல்லூரிகளுக்குக் குறைவில்லை. முதுநிலை மாணவர் இருவருக்கு ஓராண்டு களப்பணியாக ஒரு வட்டாரத்தின் பதிவுகளைச் சரிபார்க்கும் பயிற்சி தந்து, அதற்கு மதிப்பெண்ணும் வழங்கலாம். பைனாகுலர் இரண்டும் பேருந்துக் கட்டணமும் தவிர இதற்குப் பெரிய செலவில்லை. வாழப்பாடி வட்டாரத்தை முதலில் எடுத்துக்கொண்டால், வலசைப் பறவைகள் வரத் தொடங்கும் அக்டோபருக்குள் பயிற்சியை முடித்து, வரும் பொங்கல் கணக்கெடுப்பிலேயே அந்த மாணவர்களை ஆனைமடுவுக் கரையில் புதியவர்களோடு நிறுத்த முடியும்.